அந்த மர வாங்கைத் தள்ளிப் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

பல்கலைக்கழக வளாகங்களில் புகைத்தலைக் கட்டுப்படுத்துவது பற்றிச் சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பல்கலைக்கழகம் பாடசாலை அல்ல, வளர்ந்தவர்கள் புகைப்பது அவரவர் விருப்பம் என்று அதை எழுதியவர் கடைசிப் பந்தியில் முடித்திருந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் குடித்த தேநீர் கசந்தது.

நான் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸில் 28 வருடம் நடத்துநராக இருந்தவன். பெரும்பாலும் கல்முனை - மட்டக்களப்பு வீதி. அந்தக் காலத்தில் பஸ்ஸுக்குள் சிகரெட், பீடி, சுருட்டு மூன்றும் எரியும். "ஐயா, அணையுங்கள்" என்றால் சிலர் முறைப்பார்கள்; சிலர் கடைசியாக ஓர் இழுவை இழுத்துவிட்டு ஜன்னலால் எறிவார்கள். ஒருவராவது இது என் விருப்பம் என்று நியாயம் பேசியதில்லை. பின்இருக்கையில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருப்பது அவர்களுக்கும் தெரியும். வயலுக்கும் விறகுக்கும் போகிறவர்கள் அவர்கள். கட்டுரை எழுதப் படிக்காதவர்கள்.

என் மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதமாட்டேன். இன்னும் இரண்டு வருடம் அவள் அங்கே படித்து முடிக்க வேண்டும். சிறுவயதிலிருந்தே முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள பிள்ளை. அவளது விரிவுரை மண்டபத்துக்கு வெளியே ஒரு தாழ்வாரம், அதில் ஒரு மர வாங்கு. வாங்கின் விளிம்பு முழுக்கச் சிகரெட்டை நசுக்கி அணைத்த கறுப்புப் பொட்டுகள். யாரோ புண்ணியவான் சாம்பல் தட்டப் பழைய பால்மாத் தகரம் ஒன்றும் வைத்திருக்கிறார். அதற்கு நேர்மேலே மும்மொழியிலும் அறிவித்தல் பலகை. தமிழில் "புகைத்தள் தடை" என்று இருக்கிறது. தமிழில் ஒரு வரி பிழையில்லாமல் எழுத ஆள் கிடைக்காத மாகாணமா எங்களுடையது? எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இதே ளகரச் சண்டை. இது பற்றி முன்பே இரண்டு தடவை தங்களுக்கு எழுதினேன். வெளிவரவில்லை. இடம் போதவில்லையாக்கும், ராசிபலனுக்கு அரைப்பக்கம் வேண்டுமே.

விடுதிப் பணம் கட்டப் போன அன்று அங்கே பொறுப்பான ஒருவரிடம் முறையிட்டேன். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத்தான் தடுக்கிறது, தாழ்வாரம் திறந்த இடம் என்று பொறுமையாக விளக்கினார். சட்டம் தெரிந்தவர். கச்சான் காற்று தெரியாதவர். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது தாழ்வாரத்தில் விடும் புகை ஜன்னலால் நேரே பின்வரிசைகளுக்குத்தான் போகிறது. இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டு, முன்வரிசையில் இடம்பிடிக்க அரைமணி முந்திப் போகிறாள் என் மகள். என் பஸ்ஸிலும்தான் இருபுறமும் ஜன்னல்கள் திறந்திருந்தன.

அதே சட்டம் 21 வயது நிரம்பாதவர்களுக்குச் சிகரெட் விற்கக் கூடாது என்பதும் தாங்கள் அறியாததல்ல. உயர்தரம் எழுதிவிட்டு வந்த முதலாம் வருடப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு 21 ஆகிவிட்டது? வாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் ஒரு பையன் மூன்று சிகரெட் வாங்கி நின்றான். மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. தம்பி, இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டேன். "எனக்கில்லை ஐயா, அண்ணாமாருக்கு" என்றான். மூத்த மாணவர்கள் புதியவர்களை ஏவி வதைக்கும் பகிடிவதைக்கு எதிராக 1998 இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கும் எங்கேயாவது ஒரு பலகை தொங்கும், எழுத்துப்பிழையோடு.

நான் ஒன்றும் முனிவன் அல்ல. 19 வருடம் புகைத்தவன். மகளுக்கு முதன்முதலாக முட்டு இழுத்த இரவில், அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது என் சட்டைப்பையில் சிகரெட் பெட்டி இருந்தது. வைத்தியர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் கேட்பது பெரிதல்ல. அந்த வாங்கைத் தூக்கி, மண்டபத்துக்குக் கிழக்கே நிற்கும் வேப்பமரத்தடியில் போடட்டும். பால்மாத் தகரமும் கூடவே போகட்டும். பலகையைத் திருத்தும் பெயின்ட் செலவை நானே தருகிறேன்.

இந்தக் கடிதத்தையாவது வெளியிடுவீர்கள் என நம்புகிறேன். அச்சில் "புகைத்தல்" என்பதில் லகரத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
களுவாஞ்சிகுடி.