குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இங்கே கூடியிருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு மாதந்தோறும் தவறாமல் கூடியது. தெருவிளக்குக்கும் வடிகால் அடைப்புக்கும் எழுதிய கடிதங்களுக்குப் பலன் கிடைத்தது. நகல்கள் கோப்பில் இருக்கின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். மீதி ஆண்டு முழுவதும் குப்பையிலேயே போயிற்று என்பதால் இந்த அறிக்கையும் அதைப் பற்றியதுதான்.

சென்ற பொதுக்குழுவில் எழுந்த குற்றச்சாட்டு உங்களுக்கு நினைவிருக்கும்: “நாம் பிரித்துக் கொடுக்கிறோம், வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள்.” அன்று பலமாகக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அதையே மனுவாக எழுதி நகராட்சியில் கொடுத்தோம். பதில் வரவில்லை. மூன்று முறை நடந்த பிறகு அங்கிருந்த அலுவலர், “தரம் பிரிக்கும் கூடத்துக்கு ஒருநாள் காலையில் வாருங்கள், பார்த்துவிட்டுப் பேசுவோம்” என்றார். துணைச் செயலாளரும் நானும் போனோம்.

நம் பகுதி வண்டி கொட்டியதிலிருந்து ஒரு பையை எடுத்து எங்கள் முன்னால் பிரித்தார் ஒரு தூய்மைப் பணியாளர். மேலே அழகாக மடித்த செய்தித்தாள்கள். நடுவில் காகிதத்தில் சுற்றிய குழந்தை அணையாடை. அடியில் பாதி காலியான எண்ணெய் உறை ஒன்று கசிந்து, தாள்கட்டு முழுவதும் ஊறிக் கிடந்தது. அந்த அம்மாள் ஒரு தாளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, “காய்ந்திருந்தால் இது சரக்கு, இப்போது குப்பை” என்றார். எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று விசாரிக்கத் தேவை ஏற்படவில்லை. அவர் தூக்கிக் காட்டியது, குப்பையைப் பிரிப்பது எப்படி என்று நம் சங்கம் அச்சடித்துக் கொடுத்த சுற்றறிக்கை.

எண்ணெய் ஊறிய காகிதம் கூழாக்கும் ஆலைக்குப் பயன்படாது. நல்ல காகிதமே ஐந்து முதல் ஏழு சுற்றுக்குள் இழை குட்டையாகி ஓய்ந்துவிடும். கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் அந்தக் கவலை இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும். பிளாஸ்டிக்கில்தான் நம்மில் பலர் ஏமாந்திருக்கிறோம். முக்கோணத்துக்குள் இருக்கும் எண் மறுசுழற்சிக்கான உத்தரவாதம் அன்று. அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று சொல்ல 1988இல் ஏற்பட்ட அடையாளம், அவ்வளவே. 1, 2 என்ற எண்கள் உள்ள பாட்டில்களுக்கு எளிதில் ஆள் கிடைக்கும். பளபளக்கும் பல அடுக்கு உறைகளை வாங்க ஆளே இல்லை. வாங்குகிறவர்களும் கெடுபிடியாகிவிட்டார்கள். 2018இல் சீனா பல வகைக் கழிவுகளின் இறக்குமதியை நிறுத்தியது; அனுமதித்தவற்றிலும் கலப்படம் பெரும்பாலும் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. பணக்கார நாடுகளின் பொதிகளே அதில் தேங்கிப் போயின.

அதற்காக நகராட்சியை முழுவதும் விட்டுவிடுவதற்கில்லை. அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு டன் கணக்கில் பணம் கொடுக்கிறார்கள். எடைக்குக் கூலி என்றால் ஈரமும் கலப்பும் அவருக்கு லாபம். பிரித்து வாங்க அவர் ஏன் மெனக்கெட வேண்டும்? இதை இரண்டாவது மனுவில் அப்படியே எழுதினோம். ஒப்பந்தக் காலம் முடியும்வரை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. ஆனால் உலர் குப்பைக்குத் தனி நாள் கேட்டதை ஒப்புக்கொண்டார்கள். இப்போது புதனும் சனியும் உலர் குப்பை மட்டுமே எடுக்கப்படுகிறது. பிரிப்பது நம் காலத்துத் தொல்லை என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1883இல் பாரிஸில் யூஜின் பூபெல் என்ற ஆட்சியாளர் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூடியுள்ள தொட்டிகளைக் கட்டாயமாக்கி, குப்பையை மூன்றாகப் பிரிக்கவும் சொன்னார். வீட்டுச் சொந்தக்காரர்கள் கொதித்தார்கள். பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

உரக்குழி நாறியது என் பிழை. சமையலறைக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே போனோம். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து முப்பது பங்கு வேண்டும் என்ற கணக்கைப் புழு நெளிந்த பிறகுதான் படித்தேன். காய்ந்த சருகை அடுக்கடுக்காகப் போட்டு, வாரம் ஒருமுறை கிளறியதும் நாற்றம் நின்றது. குழி கை வைக்க முடியாதபடி சூடேறியது. குழியை ஒட்டிய வீட்டார் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டதற்குச் சங்கத்தின் நன்றி.

மழைக்காலத்தில் நம் தெருமுனையில் குப்பை வண்டி புகைந்ததைப் பலரும் பார்த்தீர்கள். யாரோ பொம்மையோடு எறிந்த லித்தியம் பேட்டரி, வண்டியின் அழுத்தும் தகட்டில் நசுங்கியிருக்கிறது. ஓட்டுநர் சுமையைச் சாலையிலேயே கவிழ்த்து மண்ணைப் போட்டு அணைத்தார். அதன் பிறகு சங்க அறை வாசலில் பேட்டரிக்கென்று ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறோம். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டிப் போடவும். வீங்கிய பேட்டரியைப் பெட்டியில் போடாமல் என்னிடம் நேரில் கொடுக்கவும்.

புதன், சனிக் காலைகளில் வண்டியருகே நிற்க இன்னும் நான்கு பேர் தேவை. பெயர் கொடுக்கும் தாள் பொருளாளரின் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்