காரணம் தெரிந்தால்தான் கணக்குக் கேட்கலாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

காலநிலை மாறுவது இயற்கையின் வேலை, மனிதர்மேல் பழி போடுவது மேலைநாட்டாரின் வியாபாரம் என்று வாதிட்டுக் கடந்த ஞாயிறு இதழில் ஒருவர் எழுதிய கடிதத்தை வாசித்தேன். அதற்கு முந்திய வாரம் இன்னொருவர் நேர்மாறாக எழுதியிருந்தார். எங்கள் ஊர் வாசிகசாலையில் இரண்டு கடிதங்களையும் வைத்துக்கொண்டு பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசியில் "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்று சொல்லிக் கலைந்துபோனார்கள். அந்த முடிவு எனக்குப் பொறுக்கவில்லை. உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவள் நான். இரண்டு பக்கமும் நியாயம் உள்ள விடயங்கள் உலகில் நிறைய உண்டு. இது அவற்றுள் ஒன்று அல்ல.

காலநிலை எக்காலமும் மாறியே வந்திருக்கிறது என்று அந்த அன்பர் எழுதியது முழு உண்மை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இன்று பாக்கு நீரிணை இருக்கும் இடம் அப்போது தரை. யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைப் பக்கமிருந்து தமிழ்நாட்டுக் கோடிக்கரைக்குக் காலாலேயே நடந்து போயிருக்கலாம். அந்த மாற்றத்தில் மனிதருக்குப் பங்கில்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதையும் அதன் அச்சின் சாய்வும் மெல்ல மெல்ல மாறியதே அதைத் தொடக்கிவைத்தது. ஆனால் அப்போது ஐந்து பாகை அளவு சூடேறுவதற்குப் பத்தாயிரம் ஆண்டுகள் வரை சென்றன. இப்போதோ, 1850–1900 காலத்துடன் ஒப்பிட்டால், 2011–2020 பத்தாண்டில் பூமியின் சராசரி வெப்பநிலை 1.1 பாகை செல்சியஸ் கூடியிருக்கிறது. அதிலும் பெரும்பகுதி கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஏறியது. பூமியின் பாதை ஐம்பது ஆண்டில் அப்படி மாறிவிடுவதில்லை.

சூரியன்தான் காரணம் என்கிறார். சூரியனின் வீச்சைச் செய்மதிகள் 1978 முதல் அளந்து வருகின்றன. பதினொரு ஆண்டுச் சுழற்சியில் சிறிது ஏறி இறங்குகிறதே தவிர, மேல்நோக்கிய போக்கு எதுவும் இல்லை. மேலும், சூரியன் சூடேற்றினால் வளிமண்டலம் மேலும் கீழும் சேர்ந்தே சூடேற வேண்டும். அளந்து பார்த்தால் கீழ்ப்படை சூடேறுகிறது, மேலே படைமண்டலம் குளிர்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று காலநிலை விஞ்ஞானி சியுகுரோ மனாபே 1967லேயே கணித்துக் காட்டினார். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எரிமலைகளைப் பற்றி ஒரு வரி போதும்: அவை யாவும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டு, மனிதர் வெளிவிடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

வாசிகசாலையில் ஓர் இளைஞர் கேட்ட கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். "ரீச்சர், காற்றில் இருக்கும் காபனீரொட்சைட்டில் இது காரிலிருந்து வந்தது, இது கடலிலிருந்து வந்தது என்று எழுதியா இருக்கிறது?" என்று கேட்டார். அருமையான கேள்வி. எழுதித்தான் இருக்கிறது தம்பி.

காபனுக்குச் சமதானிகள், அதாவது நிறையில் வேறுபட்ட அணுவகைகள், உண்டு என்பது உயர்தரப் பாடம். அவற்றுள் காபன்-14 கதிர்த்தொழிற்பாடுடையது, தானாகவே சிதைந்து குறைந்துகொண்டு போகும். அதன் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 5,730 ஆண்டுகள். உயிருள்ள மரத்தில் அது இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் பெற்றோலியத்திலும் அது அடியோடு அழிந்துபோயிருக்கும். எனவே நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வளியில் சேரச் சேர, வளியில் காபன்-14இன் வீதம் குறைய வேண்டும். ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி மரவளையங்களில் இந்தக் குறைவைக் கண்டு 1955இல் வெளியிட்டார். பின்னர் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகள் இந்த அளவீட்டைச் சில காலம் குழப்பின என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே இரண்டாவது சாட்சியைக் கேளுங்கள். தாவரங்கள் ஒளித்தொகுப்பின்போது பாரங்கூடிய காபன்-13ஐவிட இலேசான காபன்-12ஐயே அதிகம் எடுக்கின்றன. நிலக்கரியும் எண்ணெயும் பண்டைய உயிர்களின் எச்சம் என்பதால் அவற்றிலும் காபன்-13 குறைவு. எரிமலை வாயுவில் அப்படியான குறைவு இல்லை. வளியில் காபன்-13இன் வீதம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வருகிறது. மூன்றாவது சாட்சி ஒட்சிசன். எரிந்தால் ஒட்சிசன் செலவாகும். கடலோ எரிமலையோ காபனீரொட்சைட்டை விட்டால் ஒட்சிசன் குறையத் தேவையில்லை. வளியில் ஒட்சிசன் மிகச் சிறிய அளவில், ஆனால் தவறாமல், குறைந்து வருகிறது. மூன்று சாட்சிகளும் தனித்தனியே வந்து ஒரே பெயரைச் சொல்கின்றன.

ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்ள்ஸ் கீலிங் என்ற விஞ்ஞானி 1958இல் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சத்தில் 315 பங்கு காபனீரொட்சைட்டு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அந்தாட்டிக் பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளை அளந்ததில், கடந்த 8 இலட்சம் ஆண்டுகளில் இயற்கையாக அது 300ஐ எட்டியதும் அரிது. "நூற்றுக்கு 0.04 வீதம் என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்கள், வெள்ளை வேட்டி தோய்க்கும் வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை நீலம் என்ன செய்கிறது என்று பாருங்கள். வளியில் நிறைந்திருக்கும் நைதரசனும் ஒட்சிசனும், பூமியிலிருந்து வெப்பத்தை வெளியே கொண்டுசெல்லும் செந்நிறக்கீழ்க் கதிரை மறிப்பதில்லை. மறிப்பது அந்தச் சிறு பங்குதான். இதை ஜோன் ரின்டல் என்ற விஞ்ஞானி 1859இல் ஆய்வுகூடத்தில் காட்டிவிட்டார். அப்போது எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ரயில்கூட வரவில்லை.

இது விஞ்ஞானிகள் கூடிப் பேசிச் செய்த சதி என்றும் எழுதப்பட்டிருந்தது. ஐ.நா. ஆதரவில் விஞ்ஞானிகள் ஆய்வுகளைத் தொகுத்து எழுதும், காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு 1990இல் வெளியிட்ட முதல் அறிக்கையை யாராவது புரட்டிப் பார்த்ததுண்டா? அதுவரை கண்ட வெப்ப உயர்வு இயற்கையான ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஒவ்வோர் அறிக்கையாகச் சான்று சேரச் சேர ஒவ்வொரு படியாக உறுதி கூட்டி, 2021இல்தான் மனிதரின் பங்கு ஐயத்துக்கிடமற்றது என்று எழுதினார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் பொறுத்துப் பேசியவர்களைச் சதிகாரர் என்பது நியாயமில்லை.

சந்தேகத்தை விற்றவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். என் தகப்பனார் புகையிலை செய்தவர். அந்தக் காசில்தான் நாங்கள் படித்தோம். ஆகவே புகையிலையின் கதை எனக்கு அன்னியமல்ல. சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950களிலேயே மருத்துவர்கள் நிறுவினார்கள். அமெரிக்கச் சிகரெட் நிறுவனமொன்றின் 1969ஆம் ஆண்டு உள்ளகக் குறிப்பில், சந்தேகமே எமது உற்பத்திப் பொருள் என்று எழுதியிருந்தது பின்னர் அம்பலமானது. எண்ணெய்க் கம்பனிகளும் அதே வழியில் போயின. எக்ஸோன் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1982இல் கீறிய வரைபொன்று, 2020ஐ ஒட்டிக் காபனீரொட்சைட்டும் வெப்பநிலையும் எவ்வளவு கூடியிருக்கும் என்று காட்டியது. இன்றைய அளவீடுகள் அதற்கு மிக அருகில் நிற்கின்றன. அப்படித் தெரிந்திருந்தும் அந்த நிறுவனம் பின்னர் பத்திரிகை விளம்பரங்களில், இன்னும் எதுவும் உறுதியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தேகம் கடல் தாண்டி வந்து இன்று எங்கள் வாசிகசாலை மேசையில் கிடக்கிறது.

நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முக்கிய காரணம் இனித்தான். மனிதர்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டால் ஏழை நாடுகள் நாங்கள் தண்டனை அனுபவிப்போம் என்று அந்த அன்பர் அஞ்சுகிறார். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. இலங்கையர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். அமெரிக்கர் ஒருவர் வெளிவிடுவது அதைப்போலப் பதின்மடங்குக்கும் மேல். எல்லாம் இயற்கை என்று நாங்களே சொல்லிவிட்டால் யாரிடம் கணக்குக் கேட்பது? இயற்கை நட்டஈடு தராது. 2022இல் எகிப்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், பாதிக்கப்படும் நாடுகளின் இழப்புக்கும் சேதத்துக்கும் நிதியம் அமைக்க வளர்ந்த நாடுகள் நீண்ட இழுபறிக்குப் பின் இணங்கின. காரணம் நிறுவப்பட்டதால்தான் அந்த நாடுகள் அந்த மேசையில் இருந்து பேச வேண்டி வந்தது. அதைப் பலவீனப்படுத்தும் வாதத்தை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவது எங்கள் தலையில் நாங்களே மண்ணள்ளிப் போடுவது.

1964 மார்கழிப் புயல் வந்தபோது இத்தனை வாகனம் ஏது என்றும் கேட்டிருந்தார். தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயலின் இரவு எனக்கும் நினைவிருக்கிறது. சிறுபிள்ளை நான். புயலை மனிதர் படைத்தார்கள் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் வரும் புயல் முன்னரைவிட அதிகம் மழை கொட்டும் என்பதே சொல்லப்படுவது.

அதற்காக, மற்றப் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வதெல்லாம் எனக்குச் சம்மதம் என்று எடுக்க வேண்டாம். இப்போது எதற்கெடுத்தாலும் "காலநிலை மாற்றம்" என்று சொல்லிக் கையை உதறுவது பொறுப்பிலுள்ளவர்களுக்கும் பழக்கமாகிவிட்டது. வெள்ளம் நின்றால் காலநிலை மாற்றம். வாய்க்காலை மண்போட்டு நிரப்பி மதில் கட்டியது யார்? குளத்தைக் குப்பைக் கிடங்காக்கியது யார்?

கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே நாற்பது அடி அளவு நன்னீர் இருக்கும் என்பது இந்த நிலத்தின் கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் அடியில் உவர் நாற்பது அடி ஏறும். நீர்வேலியில் என் தம்பி வாழை செய்கிறான். எங்களுக்குக் கிழக்கே உப்பாறு என்ற உவர்நீர்க் கடனீரேரி. சித்திரை, வைகாசியில் அவனுடைய தோட்டத்துக்கு வந்தால், வாழையிலையின் ஓரம் முதலில் மஞ்சளித்து, பின் கபில நிறமாகக் கருகி, தொட்டவுடன் நொறுங்குவதைக் காணலாம். விடியற்காலையில் மோட்டர் போட்டவுடன் வரும் தண்ணீரை வாயில் வைக்கலாம். நிறுத்தாமல் ஓடவிட்டால், வெயில் ஏறும் நேரத்தில் அதே குழாயில் வரும் தண்ணீர் நாக்கில் கரிக்கும்.

இந்தக் கரிப்பில் மோட்டரின் பங்கு எவ்வளவு, கடலின் பங்கு எவ்வளவு? 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. தாழ்ந்த நிலமான குடாநாட்டுக்கு அது சிறிய உயர்வல்ல. ஆனால் அளவின்றி இறைப்பதும், உவர்நீர்த் தடுப்பணைகளின் கதவுகளைப் பழுதுபார்க்காமல் விடுவதும் எங்கள் கைவேலை. குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மீறி இருப்பதற்கு யூரியாவும் மலக்குழிகளுமே காரணம்; அதில் கடலுக்கோ காலநிலைக்கோ பங்கில்லை. தூரத்து நாட்டிடம் கேட்க வேண்டிய கணக்கு ஒன்று, எங்களுக்குள் கேட்க வேண்டிய கணக்கு இன்னொன்று. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க விடக்கூடாது.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் இரண்டு கோரிக்கைகள். அளந்து தீர்க்கக்கூடிய விடயத்தில் ஒருவர் கருத்து எழுதினால், எந்த அளவீட்டை வைத்து எழுதுகிறார் என்று கேட்டு அதையும் சேர்த்து வெளியிடுங்கள். மற்றது, யாழ்ப்பாண வானிலை நிலையத்தில் பதிவாகும் மழைவீழ்ச்சி, பகலின் உச்ச வெப்பநிலை, இரவின் இழிவு வெப்பநிலை ஆகியவற்றை மாதந்தோறும், முப்பது ஆண்டுச் சராசரியுடன் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். இழிவு வெப்பநிலையைத் தவறவிட வேண்டாம். காபனீரொட்சைட்டுப் போல வெப்பத்தை மறிக்கும் பச்சைவீட்டு வாயுவின் வேலை இரவில்தான் தெளிவாகத் தெரியும்.

எண்களைப் பெற்றுத் தந்தால், மாணவர்களுக்கு விளங்கும்படி குறிப்பு எழுதித் தர நான் ஆயத்தம். பணம் எதுவும் வேண்டாம். ஊருக்கு ஒரு கிணற்றைத் தெரிவுசெய்து, நீர்மட்டத்தை முடிச்சிட்ட கயிற்றாலும் உவரை மின்கடத்துதிறன் மானியாலும் மாணவர்களே அளந்தால், அந்த எண்களும் அதே பெட்டியில் வரலாம். தைப்பொங்கல் கழிந்ததும் தொடங்கினால் நல்லது. கிணறுகள் நிறைந்து நிற்கும் காலத்து அளவு கையில் இருந்தால்தான் வைகாசியில் ஒப்பிட முடியும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை,
நீர்வேலி.