ஐந்தாவது சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ கேட்ட எட்டாயிரத்தைக் கணக்கில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை அதை எடுக்காதே. நாள் நாளாக வசூலிக்கும் தண்டல்காரருக்கு அதிலிருந்து மொத்தமாகக் கட்டி முடித்துவிடலாம் என்று போனில் சொன்னாய். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

நீ சொன்னதை வைத்து இங்கே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு ஒன்றரை ஷிப்ட் ஓடியபோது வாரம் 4,200, உனக்குத் துணி சரிபார்க்கும் செக்கிங் வேலையில் 2,300, இரண்டும் சேர்ந்து 6,500. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியத் துணிகளுக்கு 50 சதவீத வரி போட்டபோதிருந்து திருப்பூரில் ஆர்டர் சுருங்கி, இப்போது அவருக்கு ஒரு ஷிப்ட்தான், 2,900. ஆக வாரம் 5,200, நான்கு வாரத்துக்கு 20,800. செலவில் வாடகை 5,500, கரண்டும் தண்ணீரும் 800, கேஸ் 450, பால் 1,400, மளிகையும் அரிசியும் காய்கறியும் 6,000, மூத்தவளின் வேன் 900, போன் 600, பெட்ரோல் 1,200. கூட்டினால் 16,850. இதில் ஊதாரித்தனம் என்று கை வைக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடன் பக்கம் மகளிர் குழுக் கடனுக்கு வாரம் 650 வீதம் 2,600, அடகு வட்டி 1,040, தண்டல் நாள் நூறு வீதம் 3,000. அது 6,640. மொத்தம் 23,490. துண்டு விழுவது 2,690. தண்டலுக்குப் போவது 3,000. பள்ளத்தை மூட வாங்கியதே பள்ளமாகி நிற்கிறது, தாயி.

பத்தாயிரம் என்று பேசி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுக்கிறார்கள், நூறு நாளில் பத்தாயிரம் திருப்புகிறாய். பார்க்கப் பதினைந்து சதவீதம் மாதிரி இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே நீ அசலைத் திருப்பிக்கொண்டே வருவதால் 8,500 முழுதும் உன் கையில் நிற்பது ஒரே ஒரு நாள்தான். ஒழுங்காகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வட்டி. அதைவிட மோசம், அறுபதாம் நாள் வாக்கில் அவர்களாகவே வந்து, "புதுசா ஒன்னு எடுத்துக்கங்க" என்பது. பாக்கி 4,000 இருக்கும். புதுப் பத்தாயிரத்தில் வட்டி 1,500, பழைய பாக்கி 4,000 கழித்துக் கையில் தருவது 4,500. அந்த 4,500-க்காக 1,500 வட்டி கொடுத்திருக்கிறாய். பழைய பாக்கிக்கு முன்பே கொடுத்த வட்டியை இரண்டாம் முறையும் கொடுக்கிறாய் என்பது அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது, கையில் நோட்டு இருக்கும்.

தண்டலில் வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டதால், முன்கூட்டி அடைத்தால் உனக்கு ஒரு ரூபாயும் மிச்சமில்லை. மீதமுள்ள 42 நாளுக்கு 4,200-ஐ இன்று கொடுத்தாலும் 4,200, நாள் நூறாகக் கொடுத்தாலும் 4,200. வட்டியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் முன்கூட்டிக் கட்டு. தரமாட்டார்கள். ஆகவே அது ஓடி முடியட்டும், மறு தண்டல் எடுக்காதே.

நான் அனுப்பிய எட்டாயிரம் அடகில் இருக்கும் தோட்டை மீட்க.

மூன்று நகையும் மூன்று தனிச் சீட்டில் இருப்பது உன் நல்ல நேரம். ஒரே சீட்டாக இருந்தால் பகுதி பகுதியாக மீட்க விடமாட்டார்கள். தோடு, கல் எடை போக 2 கிராம், கடன் 8,000. மோதிரம் 3 கிராம், 12,000. சங்கிலி ஒரு சவரன், 32,000. மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. இவற்றை நீ வைத்தபோது, 2024 மார்ச் கடைசியில், சவரன் 50,000-ஐத் தொட்டிருந்தது. 2025 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நகை அதேதான், அதன் மேல் கிடைக்கும் கடன் கூடிவிட்டது. வங்கியில் கிராமுக்கு 9,000 வீதம் தருவதாக வைத்துக்கொள். நான் அனுப்பிய எட்டாயிரத்தில் தோட்டை மீட்டு வங்கியில் வைத்தால் 18,000 வரும். அதில் 12,000 கொடுத்து மோதிரத்தை மீள். மோதிரத்தை வங்கியில் வைத்தால் 27,000. கையில் மிஞ்சிய 6,000-ஐச் சேர்த்தால் 33,000. அதில் 32,000 கொடுத்துச் சங்கிலியை மீட்டுவிடலாம், மதிப்பீட்டாளர் கட்டணத்துக்கும் இந்த மாத வட்டிக்கும் ஆயிரம் மிஞ்சும். சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். வங்கியில் 45,000 கடன். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 375. இப்போது கொடுப்பது 1,040.

இதில் சறுக்குகிற இடங்களைச் சொல்கிறேன். அடகுக் கடைக்காரர்கள் நம் நகையை வேறொரு இடத்தில் மறு அடகு வைத்திருப்பது உண்டு. போய் நின்றதும், "நாளைக்கு வாங்க" என்பார்கள். ஆகவே இரண்டு நாள் முன்பே சொல்லி வை. மூன்றையும் மீட்கப்போவதாகச் சொல்லாதே, தோடு மட்டும் என்று சொல். பாக்கி வட்டி எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள், மாதம் பிறந்து ஒரு நாள் ஆனாலும் முழு மாத வட்டி கேட்பவர்கள் உண்டு. வங்கிக்குச் சனிக்கிழமை போகாதே, மதிப்பீட்டாளர் வராத நாளாக இருந்தால் பாதியில் நிற்பாய். திங்கள் காலையில் போ. அரை நாள் சம்பளம் போகும், போகட்டும். ஆதார், பான் அட்டை, கணக்குப் புத்தகம் எடுத்துக்கொள். எடை போடும்போது மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் சீட்டில் எழுதியிருக்கிறார்களா என்று அங்கேயே பார். கிராமுக்கு எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி மாறும், கூட்டுறவு வங்கி உட்பட இரண்டு இடத்தில் கேட்டுவிட்டுப் போ. 9,000-க்குக் குறைந்தால் சங்கிலி கொஞ்சம் காத்திருக்கும், தோடும் மோதிரமும் மாறினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பெரும்பாலான நகைக்கடனுக்குக் கெடு பன்னிரண்டு மாதம். கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்துக் கேட்பார்கள். அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் இப்போதே வட்டம் போடு. ஏல நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய் நகையைக் கோட்டை விட்ட எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். வீடு மாறினால் வங்கியில் முகவரியை மாற்று. மீண்டு வந்த சங்கிலியைப் பார்த்ததும் இன்னொரு கடனுக்கு மனம் போகும். அதை அம்மாவிடம் கொடுத்து வை என்று சொல்லமாட்டேன், உன் நகை உன்னிடமே இருக்கட்டும்.

குழுக் கடனைத் தவறாமல் கட்டு, அதில் மற்றப் பெண்களின் பெயரும் மாட்டியிருக்கிறது. ஆனால் இன்னொரு நிறுவனத்தின் குழுவில் சேரச் சொன்னால் சேராதே. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. படிவத்தில் உன் வருமானத்தைக் கூட்டி எழுதிக் கொடுத்துவிடுவார்கள், நீயும் கையெழுத்துப் போட்டுவிடுவாய். காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் போன் போட்டு நச்சரிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. போனில் வரும் ஆப் கடன் பக்கம் மாப்பிள்ளை போகாமல் பார்த்துக்கொள். போன் புத்தகத்தையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கிற ஆப் எதுவும் விதிக்கு உட்பட்டது இல்லை.

இனிச் சனிக்கிழமைக் கதை. உங்களுக்குச் சம்பளம் வாரம், வாடகை மாதம். துண்டு விழுவதில் பாதி இந்தப் பொருத்தமின்மையால் வருவது. வாடகை கொடுக்கிற வாரம் 5,200-இல் 5,500 போகிறது, அந்த வாரம் சாப்பிடக் கடன். ஆகவே ஒவ்வொரு சனியும் சம்பளம் வந்தவுடன் 1,375 வாடகைக்குத் தனியே போகவேண்டும். குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எந்த வங்கியிலும் தருவார்கள். அதற்கு வந்த ஏடிஎம் அட்டையை மசாலா டப்பாவுக்கு அடியில் போட்டு வை, போன் பே-யில் இணைக்காதே.

ஆண்டுக்கு 52 சனி. நாலு நாலாகப் பிரித்தால் பதின்மூன்று மாதம். மாதச் செலவோ பன்னிரண்டு முறைதான். அந்த மிச்ச மாதம் ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் சிதறிக் கிடக்கிறது. இந்த 2026-இல் ஜனவரியில் ஒன்று வந்து போய்விட்டது, பொங்கலில் கரைந்திருக்கும். இன்னும் மூன்று இருக்கிறது: மே 30, ஆகஸ்ட் 29, அக்டோபர் 31. மே 30-இல் வருவது தண்டல் முடியும் வரை விழுகிற துண்டை அடைக்கும், அதற்குள் ஏதாவது நெருக்கினால் மளிகைக் கடையில் சொல்லி அந்தத் தேதிக்கு வாங்கு. அங்கே வட்டி இல்லை. அக்டோபர் 31-ஐத் தொடவே தொடாதே. தீபாவளி நவம்பர் 8. அதன் பிறகு கம்பெனி ஒரு வாரம், பத்து நாள் திறக்காது, பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு அந்த நாட்களில் வரவு பூஜ்யம். போனஸைத் துணிமணிக்குச் செலவழித்துவிட்டு நவம்பர் நடுவில் தண்டல் எடுப்பதுதான் ஊர் வழக்கம்.

ரேஷன் அட்டையை இத்தனை நாள் விட்டது தப்பு. மாப்பிள்ளையின் பெயர் இன்னும் அவர் அப்பா அட்டையில், உன் பெயர் நம் அட்டையில். இரண்டு இடத்திலும் நீக்கல் முடிந்த பிறகே புதிய அட்டைக்கு விண்ணப்பம் ஏறும், இல்லையென்றால் ஆதார் ஏற்கனவே இணைந்திருப்பதாகச் சொல்லித் தள்ளிவிடும். நம் அட்டையிலிருந்து உன் பெயரை நான் நாளைக்கே நீக்கச் சொல்கிறேன், சம்பந்தியிடம் மாப்பிள்ளை பேசட்டும். பிறகு இ-சேவை மையத்தில் திருப்பூர் முகவரிச் சான்று, கேஸ் இணைப்பு விவரம், குழந்தைகளின் ஆதார், குடும்பத் தலைவி என்று உன் புகைப்படம். விசாரணைக்கு ஆள் வரும்போது தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கைக்கு வரச் சில மாதம் ஆகலாம். வந்தால் மாதம் 20 கிலோ அரிசி இலவசம், துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை. வெளியே வாங்கினால் ஆயிரத்துக்கு மேல் ஆகும் சரக்கு. அரிசியில் சில மணிகள் கழுவும்போது மிதக்கலாம். அது பிளாஸ்டிக் இல்லை, கிலோவுக்குப் பத்து கிராம் வீதம் கலந்த செறிவூட்டிய அரிசி, இரும்புச் சத்துக்காகப் போட்டது. பொறுக்கி எறியாதே. புழுங்கலரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லி மாவுக்கு நன்றாக வரும், நாலுக்கு ஒன்று உளுந்து.

மகளிர் உரிமைத்தொகை ஆயிரத்தை நம்பி எதையும் எழுதாதே. வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். உங்கள் 5,200-ஐ 52-ஆல் பெருக்கினால் 2,70,400.

லைன் வீட்டில் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிறார்கள் என்றாய். இரண்டு மாதத்துக்கு நீங்கள் 150 யூனிட் எரித்தால் 1,350. தனி மின் இணைப்பு இருந்தால் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், மீதி ஐம்பதுக்கு நூற்றைம்பது ரூபாய்கூட வராது. வீட்டுக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அடுத்த வீடு பார்க்கும்போது வாடகை 300 கூடுதலாக இருந்தாலும் தனி மீட்டர் உள்ளதைப் பார்.

உன் சம்பளச் சீட்டில் தொழிலாளர் காப்பீட்டுக்கான இஎஸ்ஐ 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா? பிடித்தால் குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்று தனியார் கிளினிக்கில் 600, 700 கொடுக்காதே, இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போ, குடும்பம் முழுவதற்கும் உண்டு. ஏப்ரலிலிருந்து செப்டம்பர், அக்டோபரிலிருந்து மார்ச் என்று ஆறு ஆறு மாதமாகக் கணக்கு. ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா ஏறியிருந்தால் நோய் விடுப்புக்கு 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். சில கம்பெனிகள் 26 நாள் வேலை வாங்கி 12 நாள் என்று காட்டும். ஆறு மாதத்துக்கு 72 நாள், ஆறு நாளில் போய்விடும். கம்பெனி கணக்கில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று மாதா மாதம் இஎஸ்ஐ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சின்னவனை அங்கன்வாடியில் சேர்த்தாயா? சத்துமாவும் மதியச் சோறும் முட்டையும் கிடைக்கும். நீயும் நிம்மதியாகச் செக்கிங் போகலாம்.

மூன்று அடகுச் சீட்டையும் முன்னும் பின்னும் படம் எடுத்து இன்று இரவே அனுப்பு, பின்பக்கத்தில் கெடு எழுதியிருக்கும். ஞாயிறு வண்டியில் அம்மா புளியும் மிளகாய்த் தூளும் இரண்டு படி உளுந்தும் கொடுத்து விடுகிறாள். சாக்கை மாப்பிள்ளை போய் எடுத்துக்கொள்ளட்டும், நீ தூக்காதே.

அப்பா