தடைக்காலத்துக்கு முன் வாடகைக் கணக்கு

தம்பி, தங்கைகளுக்கு வணக்கம். தொண்டியில் அறை எடுத்துப் படிக்கிற எல்லோரும் இதை நிதானமாகப் படியுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கமிருந்து வந்த நம்மில் பலருக்கு அந்த நாட்களில் வீட்டிலிருந்து பணம் வருவது கஷ்டம். வாடகை மட்டும் நிற்காது. அதனால் மே, ஜூன் வாடகையை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். நாலு பேர் 4,000 ரூபாய் அறையில் இருந்தால், இரண்டு மாதத்துக்குத் தலைக்கு 2,000. ஜனவரி முதல் மாதம் 500 ஒதுக்கினால் ஏப்ரலில் சேர்ந்துவிடும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள், கையில் இருந்தால் கரைந்துவிடும்.

உதவித்தொகையை நம்பி வீட்டுக்காரரிடம் தேதி சொல்லாதீர்கள். போன வருடம் நான் அப்படிச் சொல்லிவிட்டு மூன்று வாரம் வீட்டுக்கார அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தேன். தாமதமாகும் என்று தெரிந்தால் ஒன்றாம் தேதிக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். பாதியாவது கையில் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது கட்டாயம் வாங்குங்கள்.

அப்புறம், கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், அறைக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று குடியேறும் முன்பே கேளுங்கள்.

தடைக்காலத்தில் யாருக்காவது சாப்பாட்டுக்கே இழுபறி என்றால் குழுவில் எழுதக் கூச்சமாக இருக்கும். எனக்குத் தனியாக எழுதுங்கள், வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.