இட்லித் தட்டும் ரியாக்டரும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது அவர்களே பேப்பர் படிக்கிறார்கள்.

மைக்ரோசேனல் ரியாக்டர் என்று அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். போன வாரம் அம்பத்தூர் பட்டறையிலிருந்து புதுத் தட்டுகள் வந்தன. உள்ளங்கை அளவு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதில் அரை மில்லிமீட்டர் அகலத்தில் வரிவரியாகப் பள்ளம், நகத்தால் இழுத்துப் பார்த்தால் கரகரவென்று தட்டுப்படும். இந்தத் தட்டுகளை அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக ஒட்டவைப்பதுதான் ரியாக்டர்; அந்தப் பள்ளங்களுக்குள் வாயுவை ஓடவிட்டு வேதிவினை நடத்துகிறோம்.

காலேஜ் நாளில் மணலியில் ஹைட்ரஜன் தயாரிக்கும் ரிஃபார்மர் உலையின் ஓட்டை வழியாகப் பார்த்தோமே, பத்து மீட்டருக்கு மேல் நீளமாகக் குழாய்கள் செக்கச்செவேலென்று தொங்கிக்கொண்டிருந்ததை? மீத்தேனும் நீராவியும் சேர்ந்து ஹைட்ரஜன் ஆவதற்கு மோலுக்கு 206 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வினையூக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பத்து சென்டிமீட்டர் குழாயில் சுவரிலிருந்து நடுவுக்குச் சூடு போய்ச் சேரும் வேகத்தில்தான் வேலை நடக்கும். கனமாக ஊற்றிய இட்லி நடுவில் வேகாமல் இருக்குமே, அதே கதைதான். மைக்ரோசேனலில் ஒரு பள்ளத்தில் ரிஃபார்மிங், பக்கத்துப் பள்ளத்தில் எரிபொருள் எரிகிறது, நடுவே மெல்லிய தகடு மட்டும். குழாயில் வினாடிக் கணக்கில் ஆவது இதில் மில்லி வினாடிகளில் முடிந்துவிடும்.

இவ்வளவு சின்னதை வைத்து என்ன உற்பத்தி செய்ய முடியும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு இட்லியைப் பெரிதாக்குவதில்லை, தட்டைத்தான் கூட்டுகிறோம். ஆனால் ஆயிரம் பள்ளத்துக்கும் ஒரே அளவில் வாயு பிரிந்து போக வேண்டும், என் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

நாங்கள் இப்போது ஓட்டுவது மீத்தேன் இல்லை, மெத்தனால்; அதற்கு 250 முதல் 300 டிகிரி போதும். போன மாதம் லைனிலிருந்து வந்த துரு பாதிப் பள்ளங்களை அடைத்துவிட்டது. குழாய் என்றால் பழைய வினையூக்கியைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பலாம், இதில் அது சுவரிலேயே பூசியிருப்பதால் மொத்தக் கட்டியும் போய்விட்டது. மூன்று மாத உழைப்பு, மனசே ஆறவில்லை.

நீ பல வருஷமாக ஃபில்டர்களோடு மல்லுக்கட்டுகிறவன். பத்து மைக்ரான் துகளைப் பிடிக்க எந்த ஃபில்டர் தாங்கும், அழுத்த இழப்பு எவ்வளவு வரும், விவரமாக எழுது. பொங்கலுக்கு வரும்போது வீணாய்ப்போன அந்தக் கட்டியை அறுத்து வைத்திருப்பேன், உள்ளே எங்கே அடைத்தது என்று நீயே பார்.

அன்புடன்,
ரவி