5.60 கிராஸ் பிளையா, 165 ரேடியலா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பெயின்ட் அருமையாக வந்திருக்கிறது. கதவோர இடைவெளிகளைப் பார்த்தால் பாடி வேலை செய்தவர் பொறுமைசாலி என்று தெரிகிறது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். எனக்கு முழங்கால் வலிதான் தீரவில்லை, கிளட்ச் கனமான வண்டிகளைத் தொடுவதில்லை. வேறு பெரிய சேதி இல்லை என்பதால் நேரே டயருக்கு வருகிறேன்.

"அந்தக் காலத்து டயர்தான் போடணும்" என்று எழுதியிருக்கிறாய். சரி, எந்தக் காலம்? 1962-ல் உன் வண்டியான எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் முதலில் வந்தபோது அதில் இருந்தது 5.60-14 கிராஸ் பிளை, அதாவது உள்ளே இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும் பழைய வகை டயர் (5.60 அங்குல அகலம், 14 அங்குல ரிம்). இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் ரேடியல் வேண்டும் என்றவர்களுக்கு 155-14 (இதில் அகலம் மி.மீ.-இல்). போகப் போக 165-14 ரேடியல்தான் அந்த வண்டிக்குப் பழகிய அளவாயிற்று. ஜாகுவார் இ-டைப்பும் இப்படித்தான். 1961-ல் டன்லப் ஆர்.எஸ்.5 கிராஸ் பிளையில் வெளிவந்தது, சில வருடங்களிலேயே 185-15 ரேடியலுக்கு மாறியது. மிஷெலின் ரேடியலுக்குக் காப்புரிமை வாங்கியது 1946-ல். பிரெல்லியின் சிந்துராட்டோ ஐம்பதுகளிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே உன் 1965 வண்டியில் ரேடியலைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் கண்டுகொள்ளாதே.

கிராஸ் பிளை மோசம் என்று சொல்ல மாட்டேன். வளைவில் பிடி விடப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு மெதுவாக வழுக்கும். ரேடியல் அதைவிட நன்றாகப் பிடிக்கும், விட்டால் சட்டென்று விடும். ஆனால் கிராஸ் பிளை ரோட்டில் உள்ள கீறல், பள்ளம் எல்லாவற்றின் பின்னாலும் போகும். ஸ்டியரிங்கை விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தால் தரையில் பட்ட இடம் தட்டையாகி, கிளப்பியதும் சிறிது தூரம் குதிக்கும். கண்காட்சிக்கு மட்டும் தள்ளிக்கொண்டு போகிற வண்டி என்றால் போடு. நீ ஓட்டுகிற ஆள், உனக்கு ரேடியல்தான். இரண்டையும் கலக்கிறதாக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ் பிளை என்பது கூடவே கூடாது. ஒரே ஆக்ஸிலில் இரண்டும் அதைவிட மோசம். கலக்காமல் இருப்பதே நல்லது.

அப்புறம், 185/60 போடலாம் என்ற உன் யோசனையை விட்டுவிடு, 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 60 சதவீதம் என்பதைக் குறிக்கிறது. பழைய அளவுகளில் 165 என்று மட்டும் எழுதியிருந்தால், டயரின் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் என்று பொருள். கணக்குப் போட்டுப் பார். 165-14-இன் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. 185/60-14 போட்டால் 578-தான். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீ உண்மையில் 93-இல் போய்க்கொண்டிருப்பாய். எஞ்சினும் அந்த அளவுக்குக் கூடுதலாகச் சுற்றும், நெடுஞ்சாலையில் காதுக்கு அது தெரியும். வண்டியும் தாழ்ந்து நிற்கும், மட்கார்டுக்குக் கீழே ஓட்டை விழுந்த மாதிரி. 185/70 உயரத்தில் கிட்டத்தட்ட சரியாக வரும், ஆனால் பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் அந்த அகலத்தைப் பார்க்கிங்கில் திருப்பிப் பார், உன் தோள் சொல்லும்.

இதையெல்லாம்விட முக்கியம், அந்த சஸ்பென்ஷனை அமைத்தவர்கள் உயரமான, மடங்கிக்கொடுக்கிற பக்கச்சுவரையும் உருண்டையான தோள்பட்டையையும் மனதில் வைத்து அமைத்தார்கள். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். அதைக் கட்டையாக்கினால் ரோட்டின் அடியெல்லாம் புஷ்ஷுக்கும் ஸ்போக்குக்கும் உன் இடுப்புக்கும் போகும். பழைய தோற்றத்துக்காக மட்டும் நான் 165-ஐச் சொல்லவில்லை.

பழைய கிடங்கில் கிடந்த, ஒருமுறைகூடப் போடாத டயர் கிடைத்திருக்கிறது என்கிறாயே, அதை வண்டியில் மாட்டாதே. ரோட்டில் படும் பட்டன் வரிகள் முழுசாக இருக்கும், எழுத்துகள் பளபளக்கும், ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் ஓடாத டயரையும் விட்டுவைக்காது. மழை ரோட்டில் முதல் பிரேக்கிலேயே தெரிந்துவிடும், அதுவும் தாமதமாக. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் குறியீட்டின் கடைசியைப் பார்: நான்கு எண் இருந்தால் வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். மூன்றே எண் என்றால் 2000-க்கு முந்தையது, பேச்சே வேண்டாம். எவ்வளவு பட்டன் மிச்சமிருந்தாலும் பத்து வருடத்தில் மாற்றிவிடு என்று மிஷெலினே சொல்கிறது. நம் மாதிரி வண்டிகளில் டயர் தேய்ந்து சாவதில்லை, கிழடாகித்தான் சாகிறது.

பழைய முகம் வேண்டும் என்றால் அதே வார்ப்பில் இன்றைய ரப்பரில் செய்கிறார்கள். மிஷெலின் எக்ஸ்.ஏ.எஸ்., பிரெல்லி சிந்துராட்டோ, வ்ரெடஸ்டைன் ஸ்பிரிண்ட் கிளாசிக் எல்லாம் புதிதாகவே வருகின்றன. விலை வலிக்கும். எக்ஸ்.ஏ.எஸ். வாங்கினால் அதன் பட்டன் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, வெளிப்பக்கம் எது என்று பார்த்து மாட்டச் சொல். டயர் தாங்கும் வேகத்தைக் குறிக்கும் எழுத்து எச் போதும். அது மணிக்கு 210 கி.மீ. வரை, உன் வண்டி அங்கே போகாது.

ஒயர் வீல் என்பதால் டியூப் கட்டாயம், ஸ்போக் துளை வழியாகக் காற்று போய்விடும். ரேடியலுக்கு உரிய டியூப், ஸ்போக் முனைகள் குத்தாமல் ரிம் டேப். டயரின் உள்ளே ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டை மறக்காமல் உரித்துவிடு. அந்தச் சின்னச் சீட்டு உரசி உரசியே டியூபை ஓட்டையாக்கும். கொஞ்சம் பவுடரும் தூவச் சொல். கிராஸ் பிளைக்குச் சொன்ன காற்று அளவை ரேடியலுக்குப் போடாதே, கையேட்டில் ரேடியலுக்குத் தனியாக இருக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்கு.

டயர் வந்ததும் அந்தக் கடைசி நான்கு எண்ணை எழுதி அனுப்பு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்