பெட்டியின் மேல் 90 சதவீதம், பைக்குள் பாதிதான்: சர்குலர் ரம்பத்தின் தூள் சேகரிப்பு பற்றிய புகார்

அனுப்புநர்:
மரவேலைப் பட்டறைப் பங்காளிகள் மூவர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மின்கருவித் தயாரிப்பு நிறுவனம்.

நாள்: 12.11.2025

பொருள்: 185 மி.மீ. கை சர்குலர் ரம்பம் – தூள் சேகரிப்பு விளம்பரப்படி இல்லாதது, கீழ் கார்டு (பிளேடின் அடிப்பற்களை மூடும் அசையும் காப்பு) சிக்குவது, தூளைக் காரணம் காட்டி வாரண்டி மறுத்தது – தொடர்பாக.

ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் 185 மி.மீ. சர்குலர் ரம்பம் இரண்டை 2025 ஜனவரியில் வாங்கினோம். பில், வாரண்டி அட்டை நகல்கள் இணைப்பில் உள்ளன. பெட்டியின் மேல் '90% தூள் சேகரிப்பு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். ஜூலையில் ஒரு மெஷின் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்து, 'ஆர்மேச்சருக்குள் மரத்தூள் புகுந்துள்ளது, வாரண்டி பொருந்தாது' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆர்மேச்சர் என்பது மோட்டாரின் சுழலும் பகுதி. தூளைப் பிடித்துவிடும் என்று சொல்லி விற்ற மெஷினுக்கு, தூள் புகுந்துவிட்டது என்று சொல்லி வாரண்டியை மறுப்பது எந்த ஊர் நியாயம் என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. தூள் ஏன் புகுந்தது என்பதை இரண்டு மெஷின்களையும் திறந்து, அளந்து பார்த்துத்தான் எழுதுகிறோம்.

முதலில் எடைக் கணக்கு. 18 மி.மீ. கனமுள்ள எம்.டி.எஃப். (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த) பலகை, நீளம் 8 அடி அதாவது 2440 மி.மீ. மெஷினோடு வந்த பிளேடின் வெட்டு அகலம் வெர்னியரில் 2.2 மி.மீ. மூன்றையும் பெருக்கினால் ஒரு நீள வெட்டுக்கு சுமார் 97 கன செ.மீ. மரம் தூளாகிறது. எம்.டி.எஃப். ஒரு கன மீட்டர் 750 கிலோ என்று வைத்தால் அது 72 கிராமுக்குச் சற்றுக் கூட. ஐந்து வெட்டுக்கு 362 கிராம். பலகையை ரீப்பர் கட்டைகள் மேல் தூக்கி வைத்து, பல் பலகைக்குக் கீழே 5 மி.மீ. மட்டும் இறங்கும்படி ஆழம் வைத்து, ஓரத்தில் அல்லாமல் நடுப்பலகையில் ஐந்து முறை வெட்டினோம். ரம்பத்தோடு இணைத்த வேக்யூமின் பையை வெட்டுக்கு முன்னும் பின்னும் எடை போட்டோம். பைக்குள் வந்தது 205 கிராம், அதாவது 57 சதவீதம். மீதி தரையிலும், வெட்டுகிறவர் முகத்திலும், மெஷினுக்குள்ளும்.

எடை போடுவது கரடான சோதனைதான். மூச்சில் ஏறும் நுண்தூள் தராசில் தெரியாது. அதற்காகத்தான் ஐரோப்பாவில் இ.என். 50632 என்ற தரத்தில் காற்றில் மிதக்கும் தூளையே அளக்கிறார்கள். உங்கள் 90 சதவீதம் எந்த முறையில், எந்தப் பலகையில், எந்த வேக்யூமில் வந்தது என்று பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை.

இனி மெஷினின் குறைகள். தூள் வெளியேறும் வாய் வெளியே பார்த்தால் 38 மி.மீ. தாராளமாகத் தெரியும். ரப்பர் அடாப்டரைக் கழற்றி உள்ளே காலிப்பர் விட்டுப் பாருங்கள். ஸ்க்ரூவுக்காக வார்த்த புடைப்பு ஒரு பக்கம், தடித்த சுவர் மறுபக்கம். நடுவே மிஞ்சுவது 22 மி.மீ. துளைதான். 35 மி.மீ. ஹோஸின் குறுக்குப் பரப்பு 962 சதுர மி.மீ.; 22 மி.மீ. துளைக்கு 380. பாதிகூட இல்லை. எங்கள் வேக்யூம் எம் வகுப்பு, அதாவது மரத்தூள் போன்ற நடுத்தர அபாயத் தூளுக்கானது. ஹோஸுக்குள் காற்றின் வேகம் வினாடிக்கு 20 மீட்டருக்குக் கீழே போனால் அது எச்சரிக்கையாகக் கூவும். 35 மி.மீ. ஹோஸில் அந்த வேகத்துக்கு மணிக்குச் சுமார் 69 கன மீட்டர் காற்று வேண்டும். அதே காற்று 22 மி.மீ. துளையில் நுழைய வேண்டுமானால் வினாடிக்கு 50 மீட்டர் ஓட வேண்டும். வேக்யூமின் இழுப்பு அந்தத் தொண்டையிலேயே தீர்ந்துவிடுகிறது. ஹோஸை உங்கள் ரம்பத்தில் மாட்டியதும் வேக்யூம் கூவுகிறது, கழற்றினால் நிற்கிறது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ப்ளைவுட் வெட்டும்போது இன்னும் மோசம். நார் ஓட்டத்தோடு வெட்டினால் மேல் வெனீர் விரல் நீளச் சிலாம்பாகப் பெயர்ந்து வரும். முதல் சிலாம்பு அந்த ஸ்க்ரூப் புடைப்பில் குறுக்கே மாட்டிக்கொள்ளும், அதன் பின்னால் தூள் அடைக்கும். அதற்குப் பிறகு வேக்யூம் ஓடுவதும் ஒன்றுதான், ஓடாததும் ஒன்றுதான்.

இரண்டாவது குறை அதைவிட அடிப்படையானது. சர்குலர் ரம்பத்தில் பிளேடின் முன்பக்கப் பற்கள் பலகையைக் கீழிருந்து மேலாக வெட்டுகின்றன. பல்லிடுக்கில் ஏறிய தூள் மேல் கார்டுக்குள் போய், உச்சியைத் தாண்டிப் பின்பக்கம் பறக்கிறது. உங்கள் கையேட்டின்படி சுழற்சி நிமிடத்துக்கு 5500. 185 மி.மீ. பிளேடுக்கு அது பல் நுனியில் வினாடிக்கு 53 மீட்டர், மணிக்குச் சுமார் 190 கி.மீ. அந்த வேகத்தில் கிளம்பும் தூளை வேக்யூம் காற்று வழிமாற்றி இழுத்து வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பிளேடு எறிகிற திசையிலேயே வாய் திறந்திருக்க வேண்டும். நீங்களோ கார்டிலிருந்து 25 மி.மீ. தள்ளியதுமே 90 டிகிரி முழங்கை வைத்து மோட்டார் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள். தூள் முழங்கைச் சுவரில் மோதித் திரும்பி, மறுபடி பல்லோடு ஒரு சுற்றுச் சுற்றி, கீழ் கார்டின் இடுக்கு வழியாகக் கொட்டுகிறது. முழங்கையைக் கழற்றினால் வெளிவளைவில் கட்டை விரல் பருமனுக்குத் தூள் இறுகிக் கிடக்கிறது. நகத்தால் சுரண்டினால் அட்டை மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்கிறது.

முழங்கை பொருந்தும் இடத்தில் சீல் இல்லை. அந்த இடுக்கிலிருந்து நாலு செ.மீ. தள்ளித்தான் மோட்டார் குளிர்காற்றை உள்ளிழுக்கும் துளைகள் இருக்கின்றன. ஆர்மேச்சருக்குள் தூள் எப்படிப் போனது என்பதற்கு இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. போதாக்குறைக்குக் கையேட்டின் பராமரிப்புப் பக்கம் 'கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யவும்' என்கிறது. ஊதினால் பாதித் தூள் அறைக்குள் பறக்கும், பாதி அதே துளைகள் வழியாக மோட்டாருக்குள் போகும். நாங்கள் ஒரு மாதம் ஊதினோம், நீங்கள் சொன்னபடி.

மோட்டாரின் வெளிக்காற்றும் எதிராளிதான். பென்சில் கோடு தெரிய வேண்டும் என்று அந்தக் காற்றை பிளேடின் முன்னால் பாயும்படி வைத்திருக்கிறீர்கள். வேக்யூம் இல்லாமல் வெட்டும்போது அது நல்ல வசதி, மறுக்கவில்லை. வேக்யூம் மாட்டியதும் அதே காற்று தூளைக் கார்டின் முன் ஜன்னல் வழியாக முகத்துக்குத் தள்ளுகிறது. உங்கள் ஜிக்சாவில் இந்த ஊதலை நிறுத்த ஒரு சின்ன லீவர் உண்டு. தெரிந்த வித்தையை ரம்பத்தில் ஏன் விட்டீர்கள்?

பலகை ஓரத்தைச் சீவும்போது தூள் சிதறுவதை உங்கள் குறையாகச் சொல்ல மாட்டோம். பிளேடுக்கு வெளிப்பக்கம் மரமே இல்லாதபோது தூள் அந்தப் பக்கம்தான் போகும். எந்த ரம்பமானாலும் அப்படித்தான். அதே கனத்தில் ஒரு கழிவுத் துண்டை ஓரத்தோடு ஒட்டி வைத்து வெட்டினால் சிதறல் பெரிதும் குறையும். கையேட்டில் ஒரு வரி போட்டிருந்தால் புதிதாக வாங்குகிறவருக்கு உதவியாக இருந்திருக்கும். உடன் வந்த துணிப்பையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஒன்றரை வெட்டில் நிரம்பிவிடும், நிரம்பும் முன்பே துணியின் கண்கள் அடைத்துவிடும்.

கீழ் கார்டு பற்றிய பகுதியைத் தயவுசெய்து உங்கள் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். இரண்டு கார்டுகளுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி. திரும்பி வரும் தூள் அங்கேதான் போய் உட்கார்கிறது. பத்து ஷீட் வெட்டிய பிறகு பிளக்கைக் கழற்றி, லீவரால் கார்டைத் தூக்கி விட்டுப் பார்த்தோம். புது மெஷினில் 'டக்' என்று மூடிய கார்டு மெதுவாக நகர்ந்து வந்து, இரண்டு விரல் அகலம் திறந்தபடியே நின்றுவிட்டது. வெட்டு முடித்து மெஷினைக் கீழே வைக்கும் நேரத்தில் பிளேடு இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். திறந்த பற்கள் தரையில் பட்டால் மெஷின் காலை நோக்கி ஓடிவரும். இப்போதைக்கு நாங்கள் தினமும் பிளக்கைக் கழற்றி, பிளேடை எடுத்துவிட்டு, பழைய டூத்பிரஷால் ஸ்பிரிங் பக்கம் துடைக்கிறோம். எண்ணெய் விடுவதில்லை, எண்ணெயும் தூளும் சேர்ந்தால் பசையாகிவிடும்.

வெளிவாயைச் சரிசெய்தால் என்ன ஆகும் என்பதையும், வாரண்டி ஏற்கெனவே மறுக்கப்பட்ட மெஷினில் ஆர்மேச்சரை எங்கள் செலவில் மாற்றிவிட்டுச் சோதித்தோம். முழங்கையைப் பிடிக்கும் இரண்டு எம்4 ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, 40 மி.மீ. பி.வி.சி. பைப் துண்டு ஒன்றை 90 மி.மீ. நீளத்துக்கு அறுத்து, ஹாட் ஏர் கன்னில் இளக்கி, கார்டு வாயின் நீள்வட்டத்துக்கு அழுத்திப் பொருத்தினோம். எங்கும் 35 மி.மீ.க்குக் குறையாத நேர்வழி. தூள் எறியப்படும் திசையிலேயே போகிறது. முன் ஜன்னலை 1.5 மி.மீ. பாலிகார்பனேட் தகட்டால் மறைத்தோம், அடியில் 8 மி.மீ. விட்டு. அதையும் அடைத்தால் தூளை ஏந்திப் போகக் காற்றே உள்ளே வராது. மோட்டாரின் வெளிக்காற்றை ஒரு சின்னத் தகட்டால் பக்கவாட்டில் திருப்பினோம். துளையை மூடவில்லை, மூடினால் மோட்டார் சூடாகும். கீழ் கார்டைத் தொடவே இல்லை. அதே எம்.டி.எஃப்., அதே பிளேடு, அதே வேக்யூம், ஐந்து வெட்டு: பைக்குள் 318 கிராம், 88 சதவீதம். வேக்யூம் ஒருமுறைகூடக் கூவவில்லை. ஒரு பைப் துண்டும் இரண்டு தகடும் செய்ததை உங்கள் அச்சு வார்ப்பால் செய்ய முடியாதா?

தூளைத் தொல்லை என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1995-இல் வெளிவந்த தன் 62-ஆம் தொகுதியில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் குழுவில் சேர்த்தது. எம்.டி.எஃப். பிசினில் உள்ள ஃபார்மால்டிஹைடும் பின்னர் அதே குழுவுக்கு வந்தது. நாள் முழுக்க இதை வெட்டுகிறவர் பெட்டியில் உள்ள எண்ணை நம்பி மாஸ்க்கைக் கழற்றினால் அந்தப் பொறுப்பு யாருடையது?

எங்களுக்கு வேண்டியது இவைதான். ஆர்மேச்சர் மாற்றிய செலவைத் திருப்பித் தர வேண்டும். முழு நீளமும் 35 மி.மீ. உள்விட்டமுள்ள, முழங்கையில்லாத, திருகிப் பூட்டும் அடாப்டரோடு கூடிய வெளிவாயை இரண்டு மெஷின்களுக்கும் இலவசமாகத் தர வேண்டும். இப்போதைய ரப்பர் அடாப்டர் ஹோஸ் லேசாக இழுபட்டாலே கழன்று விழுகிறது. கீழ் கார்டு இரண்டையும் உங்கள் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் வரியைக் கையேட்டிலிருந்து எடுங்கள். 90 சதவீதத்தைச் சோதனை விவரத்தோடு அச்சிடுங்கள், முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். இவற்றுக்கு வழியில்லை என்றால் இரண்டு மெஷின்களையும் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையைத் தாருங்கள்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவோம். 'தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் அல்ல' என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லக்கூடும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரை நுகர்வோராகவே கொள்கிறது. இந்த ரம்பங்களைப் பிடிப்பது எங்கள் மூவரின் கைகள்தான், கூலியாள் கிடையாது. அதே சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தையும் தனியாக வரையறுத்திருக்கிறது.

கழற்றிய முழங்கைகளில் ஒன்றை, உள்ளிருக்கும் தூள் கட்டியோடு அப்படியே, பார்சலில் அனுப்பியிருக்கிறோம். தட்டாமல் பிரிக்கவும்.

இப்படிக்கு,
பட்டறைப் பங்காளிகள் மூவர்

இணைப்பு: பில் நகல் 2, வாரண்டி அட்டை நகல் 2, சர்வீஸ் சென்டர் மறுப்புக் கடித நகல், ஆர்மேச்சர் மாற்றிய ரசீது நகல், எடைச் சோதனைப் படங்கள் 6, முழங்கை 1.